மூக்கையாவின் மிச்ச வயிறு

ஞாயிறு, காலை 7.10. மூக்கையாவின் முக்கால் வயிறு காணாமற் போயிருந்தது.

வயிற்றுச் சுவரில் அபூர்வமாக முளைத்து, வெறியோடு பரவுகிற கட்டி. பத்து நாளுக்கு முன்னர் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கட்டியோடு சேர்த்து வயிற்றையும் வெட்டினார்கள். நேற்று வீட்டுக்கு விடும்போது, வெட்டியதை மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு மகன் கஜேந்திரன் கையில் கொடுத்தார் சர்ஜன். மாத்திரைக்கு அடங்கும் ஜாதியா, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிய ஜாதியா என்பதைக் கொழும்பு லேப் சொல்ல வேண்டும். வேறு துண்டு கிடையாது. இன்று ஒரு மணி பஸ்ஸில் அது போயாக வேண்டும்.

சாமிப் படத் தட்டில் வைத்த போத்தல் இல்லை. வாசற்கதவை மறித்துப் பாய் போட்டுப் படுத்தவன் கஜேந்திரன். பின்கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

8.00. தொழிற்சங்கத் தலைவர் கிருஷ்ணகுமார், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்து நேரலையில் முழங்கினார்: "இது சர்வதேச உறுப்புக் கடத்தல்!"

8.40. சார்ஜன்ட் முக்தார் வந்து சேர்ந்தார். றக்வான பொலிஸில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே தமிழில் நடக்கிற சகல குற்றங்களும் அவர் தலையில்தான்.

"கெட்டுப்போன வயித்த எவன் தலைவரே கடத்துவான்?"

"அதத்தான் ஒங்கள கண்டுபிடிக்கச் சொல்றோம்."

முக்தார் மூக்கையாவின் மனைவியிடம் திரும்பினார். "கடைசியா எப்ப கண்டீங்க?"

"நேத்து வெளக்கு வெச்சப்ப இருந்துச்சுங்க," என்றாள் தங்கம்மா. அந்த மூடுபனியிலும் அவள் கூந்தல் நுனியில் ஈரம் சொட்டியது.

கட்டிலிலிருந்து மூக்கையா முனகினார். "சார்ஜன்ட் ஐயா, வயித்துல குளிருது."

"போர்வையைப் போடுங்கப்பா!" என்றார் தலைவர்.

"இருக்கிற வயிறு இல்லீங்க. எடுத்த வயிறு. ராவெல்லாம் அதுக்குப் பசிச்சுச்சு. விடியிறதுல இருந்து குளிருது."

நேரலை தானாகவே நின்றது.

பக்கத்து வீட்டு மல்லிகா பிளேன்டீயும் ரொட்டியும் கொண்டுவந்தாள். "காலையில இருந்து நான்தாங்க இவங்களுக்கும் ஆக்குறேன்."

முக்தார் டம்ளரோடு குசினிக்குள் போனார். காய்ந்த விறகு அடுக்கியபடி இருந்தது. அடுப்பில் சாம்பலை வழித்துத் துடைத்திருந்தார்கள். கை வைத்துப் பார்த்தார். கல் சில்லிட்டது.

நாலு வீடு, கோழிக்கூடு, தலைவரின் ஜீப் உட்பட எல்லாம் தேடி ஓய்ந்தபோது 11.50.

"தலைவரே, ஒங்கட கடத்தல்காரர் இந்தா ஈக்கிறாங்க." முக்தார் கைகாட்டியது தங்கம்மாவை. "உள்தாழ்ப்பாள் போட்ட வீட்டுல களவு எடுத்தது உள்ளாள்தான். ஆனா ஏன்? எங்கட ஊட்டுலயும் மவுத்து நாள்ல அடுப்பு பத்த வெக்கிற இல்ல, பக்கத்து ஊட்டுல இருந்துதான் சாப்பாடு வரும். இங்க சாவே விழல்ல. விறகு ஈக்கி, அடுப்பு எரியல்ல. விடியக் குளிர்ல தல முழுகியும் ஈக்கிறாங்க. அப்ப எதையோ அடக்கம் செஞ்சிட்டுத்தானே வந்தீக்கணும்?"

தங்கம்மா உட்கார்ந்துவிட்டாள். "பசிக்குது பசிக்குதுன்னு அனத்துனாருங்க. மனுசன்ல பாதி போத்தலுக்குள்ள மெதந்துகிட்டுக் கெடந்தா எப்புடிங்க அடங்கும்? மண்ணுல போட்டா அடங்கிரும்னு…"

கஜேந்திரன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். "அம்மா, அது மருந்துத் தண்ணியில இல்லாட்டி அழுகிரும்மா!"

"மூடியத் தொறந்தீங்களா?" என்று குறுக்கிட்டார் முக்தார்.

"இல்லீங்க. மொகத்தப் பாக்கத் தைரியம் வரல."

வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் தோண்டினார்கள். இரண்டடி ஆழம். மஞ்சள் தடவிய வெள்ளைத்துணி. உள்ளே இறுகிய மூடியோடு போத்தல், ஐஸ் போலக் குளிர்ந்து.

"இது எந்தக் கேஸுல வரும்?" தலைவர் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"புருஷன கொஞ்சம் முந்திப் பொதச்ச கேஸ். நேரலைல போடுங்க."

ஒரு மணி பஸ் போத்தலோடும் கஜேந்திரனோடும் போனது.

2.35. முக்தார் வாக்குமூலத்தை எழுதி முடிக்கும்போது, கண் மூடிக் கிடந்த மூக்கையா சொன்னார்: "குளிரு விட்டுருச்சு. ஆட்டுது… இப்ப நின்னுருச்சு."

"பஸ்ஸுன்டா ஆளேத்த ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிக்கும்தானே, அண்ணே."

போன் அடித்தது. கஜேந்திரன். "சார், பெல்மதுளைக்கு முன்னாடியே பஸ் டயர் வெடிச்சிருச்சு. ரோட்டுல நிக்கிறோம்."

முக்தார் பேனாவை மூடினார். தங்கம்மா குசினியில் நெருப்புக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றிக்கொண்டது.

"பயப்படாதீங்க ஐயா," என்றார் மூக்கையா, கண் திறக்காமலே. "வேற பஸ்ஸுல ஏறிருச்சு. குந்தத்தான் எடமில்ல."

போன் மறுபடி அடித்தது. கஜேந்திரனின் எண். முக்தார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.