படியிறங்காத காலணி

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் மத்தியானம் நெஸிஹே கண் விழித்தபோது, கட்டிலோரம் கழற்றி வைத்திருந்த காலணி அங்கே இல்லை. அறை வாசலில் இருந்தது. முனை வெளியே பார்த்தபடி.

அது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒற்றைக் காலணி. குதிகால் பக்கம் மட்டும் தடித்திருக்கும், முன்பக்கம் தரையைத் தொடாது. பாரமெல்லாம் குதிகாலில் இறங்கவேண்டும், வெட்டி நிமிர்த்திய கட்டைவிரலில் ஒரு பொட்டுகூட விழக்கூடாது. அது இல்லாமல் ஓர் அடி வைக்கவும் அவளுக்கு அனுமதி கிடையாது. மகள் துலாய் காலை எட்டு மணிக்கே மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டாள். கீழ்வீட்டு நூர்ஜிஹானிடம் ஒரு சாவி இருக்கிறது. அவள் வந்து, தூங்குகிறவளை எழுப்ப மனமில்லாமல் அறையைப் பெருக்கி, காலணியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். நூர்ஜிஹானுக்கு வாயில் இருக்கும் சுறுசுறுப்பு கையில் கிடையாது. இப்படி ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் நெஸிஹேவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. பிறரிடம் குறை கண்டால் நிம்மதியாவது அவளுடைய பழைய பழக்கம்.

மூன்று தலையணைகளின்மேல் வலது கால் வெள்ளைக் கட்டுக்குள் கனத்துக் கிடந்தது. இரண்டாம் விரலின் நுனியிலிருந்து ஒரு கம்பி அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எலும்புக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. காலைக் கீழே தொங்கவிட்டால் போதும், உடம்பு ரத்தமெல்லாம் ஓடிவந்து விரல்களில் முட்டி, நெஞ்சு எத்தனை முறை அடிக்கிறதோ அத்தனை முறை வலிக்கும்.

"யாரோட ஷூவம்மா இத்தனை வருஷமா போட்டீங்க?" என்று கேட்டிருந்தார் டாக்டர், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து. "உங்க கால் முப்பத்தெட்டு. இது முப்பத்தாறுல போட்டு நசுக்கின கால்."

துலாய் சிரித்தாள். நெஸிஹே சிரிக்கவில்லை.

இந்த வேதனையை அவள் ஏற்றுக்கொண்டது ஒரே காரணத்துக்காக. துலாயின் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நொண்டாமல் நடந்துபோய், மகளோடு கை கோத்து வட்டம் சுற்றி ஆடவேண்டும். அதற்கென்றே முனை அகலமான சாம்பல் நிறக் காலணி வாங்கி, வாசல் பக்கத்துக் காலணி அடுக்கில் மேல்தட்டில் வைத்திருந்தாள். தினமும் துலாயைக் கொண்டுவரச் சொல்லி ஒருமுறை கையில் வைத்துப் பார்ப்பாள்.

அன்று சாயங்காலம் துலாய் வேறொன்றைக் கொண்டுவந்தாள்.

"நீ கூப்பிட்டா கீழ நூர்ஜிஹான் அக்காவுக்குக் கேக்க மாட்டேங்குதாம். இதை அடி. செத்தவங்களே எழுந்து வந்துடுவாங்க."

பித்தளைக் கைமணி. மரப்பிடியில் ஒரு வெடிப்பு. நெஸிஹேவின் கை நீளவில்லை.

"இது உனக்கு எங்க கிடைச்சுது?"

"அலமாரிக்கு அடியில, கயிறு கட்டின பெட்டியில. பெரியம்மாவோட மணிதானே இது?"

"பெட்டியில வேற என்ன இருந்துச்சு?"

"வேற ஒண்ணுமில்லையே."

"நல்லாப் பாத்தியா?"

"வெறும் பெட்டிம்மா. அதுக்கு அத்தனை முடிச்சு எதுக்குப் போட்டியோ!" துலாய் மணியை மருந்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஐஸ் எடுக்கப் போனாள்.

அந்தப் பெட்டியில் மணியோடு கருஞ்சிவப்புத் தோல் காலணி ஒரு ஜோடியும் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நெஸிஹேவே வைத்துக் கட்டினாள். ஏழு முடிச்சு.

அக்கா மெலாஹத் அவளைவிட ஆறு வயது மூத்தவள், அழகி, சின்னப் பாதக்காரி. பூர்ஸா நகரிலேயே கைதேர்ந்த காலணித் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வாள். "உன் காலுக்கெல்லாம் தோல் பத்தாதுடி, படகுதான் கட்டணும்" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். வாத்துக்கால் என்பது நெஸிஹேவுக்கு அவள் வைத்த பெயர். அது தெருவரைக்கும் பரவியது. நாற்பது வருஷம் அதைக் கேட்டு நெஸிஹேவும் கூடவே சிரித்தாள். சிரித்தாளே தவிர மறக்கவில்லை.

கடைசியில் மெலாஹத் இடுப்பு எலும்பு முறிந்து, புருஷனும் இல்லாமல், தங்கை வீட்டுப் பின்னறையில்தான் வந்து விழுந்தாள். இதே அறை. இதே கட்டில். கையில் அந்த மணி. கால் ஜில்லிட்டுப் போகிறது, கொஞ்சம் தேய்த்துவிடு என்று அடிப்பாள். முதல் மாதம் நெஸிஹே போனாள். இரண்டாம் மாதம் நிதானமாகப் போனாள். மூன்றாம் மாதம் முன்னறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டக் கற்றுக்கொண்டாள். மணி ஒருமுறை அடித்தால் சத்தத்தில் ஒரு புள்ளி, இன்னொரு முறை அடித்தால் இன்னொரு புள்ளி. அதில் ஒரு ருசி இருந்தது, அதை மறைப்பானேன். கடைசி நாள் நெஸிஹேவுக்குப் பிடித்த தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மணி வெகுநேரம் அடித்தது. தொடர் முடிந்து போய்ப் பார்த்தபோது மணி தரையில் கிடந்தது, மெலாஹத்தின் வாய் திறந்திருந்தது.

செத்தவரின் காலணியை வாசலுக்கு வெளியே, முனை படிக்கட்டைப் பார்க்க வைத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். போகிற ஏழை எவராவது எடுத்துக்கொள்வார். "காலணி படி இறங்கிட்டா போனவங்களும் போயிடுவாங்க. இறங்காம வீட்டுலயே இருந்தா இன்னொரு ஆளைக் கேக்கும்" என்று நூர்ஜிஹான்தான் அன்றைக்கும் அவசரப்படுத்தினாள். நெஸிஹே சிவப்புக் காலணியைக் கையில் எடுத்தாள். தோல் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றிருந்தது. வழியோடு போகிற எவளோ போட்டுக்கொள்ளவா என்று மனம் அடித்துக்கொண்டது. தன்னுடைய பழைய பழுப்புக் காலணியை எடுத்து வெளியே வைத்தாள். மதியத்துக்குள் அது போய்விட்டது.

பதினோரு வருஷம் விசேஷம் தவறாமல் அந்தச் சிவப்பைப் போட்டாள். ஒவ்வோர் அடியும் வலித்தது. வலித்தால் என்ன, ஜெயித்தது யார்?

ஒன்பதாம் நாள் தெற்குக் காற்று கிளம்பியது. அந்தக் காற்று வந்தால் பூர்ஸாவில் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேருக்குச் சண்டை. மலையின் பனி உருகிக் கூரைத் தகரத்தில் சொட்டுவதும், எங்கோ ஒரு பலகை அடித்துக்கொள்வதும், தெருவில் பழைய சாமான்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூவுவதும் ஒன்றோடொன்று கலந்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. நூர்ஜிஹான் காலையில் வந்து கால் கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"கஷ்டம் கடந்துபோகட்டும் அக்கா. சாயங்காலம் அஸர் தொழுததும் ஆட்டுக்கால் சூப்பு கொண்டாறேன். காலுக்குக் காலு! எலும்பு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும்."

"நேத்து என் ஷூவை நீதானே தள்ளி வச்சே?"

"நேத்தா? நேத்து நான் மேல வரவே இல்லையே."



மத்தியான மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை. கண்ணை மூடிக்கிடந்தாள். அப்போது லாவெண்டர் வாசனை வந்தது. விருந்தாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் கையில் தெளிக்கும் வாசனைத் தண்ணீர் அவள் வீட்டில் எப்போதும் எலுமிச்சைதான். லாவெண்டர் மெலாஹத்தினுடையது. பிறகு நடைவழியில் நிதானமான, குட்டையான குதிகாலடிச் சத்தம், ஒரு காலை லேசாக இழுத்தபடி. அது காலணி அடுக்குப் பக்கம் போய் நின்றது. ஏதோ ஒன்றை எடுத்தது. வாசல் கதவு திறந்து மூடியது. கதவுக்கு வெளியே கல்தரையில் இரண்டு சத்தம்.

டக். டக்.

ஒரு ஜோடியை வைக்கும் சத்தம்.

"துலாய்?" என்றாள்.

அஸர் பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் படிகளில் நூர்ஜிஹானின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வாசல்வரை வந்தது. நின்றது.

"யா அல்லாஹ்!"

பாத்திரத்தைத் தரையில் வைக்கிற ஓசை.

"நெஸிஹே அக்கா… காலையிலதானே பேசிட்டுப் போனேன்!" அவள் அழுகிறாள் என்பது பின்னறைக்கே கேட்டது. "சொர்க்கம் கிடைக்கட்டும் அக்கா."

நெஸிஹே மணியை எடுத்து அடித்தாள். முன்னறையில் டி.வி. தானாக உயிர்பெற்றது. மறுபடி அடித்தாள். சத்தம் கூடியது. வெறிபிடித்தவள்போல் அடித்தாள். கூடியது, இன்னும் கூடியது. டி.வி.யில் வந்த பாட்டு அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன தொடர். அதே நாளின் அதே கதை.

மணியை எறிந்துவிட்டு ஊன்றுகோல்களை இழுத்தாள். ஆஸ்பத்திரிக் காலணி கட்டிலோரம் இல்லை. தேட நேரமில்லை. வாசலில் இருப்பது எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் எடுப்பதற்குள் அதை உள்ளே கொண்டுவந்துவிட்டால் போதும். ஏழு வாரம். ஏழே வாரம்.

குதிகால். கோல். குதிகால். கோல். ரத்தம் காலுக்குள் இடித்துக்கொண்டு இறங்கியது. நடைவழி இருபது அடிகூட இருக்காது. இன்று அது முடியவே இல்லை. பாதி வழியில் ஒரு கோல் வழுக்கி, வலது கால் விரல்கள் தரையில் முட்டின. கம்பி உள்ளே போனது. அவள் கத்தினாள். டி.வி.யில் யாரோ சிரித்தார்கள்.

கதவுக்கு அப்பால் நூர்ஜிஹானின் குரல் படிக்கட்டில் கேட்டது. "இந்தா, எடுத்துக்கப்பா. புது ஷூ, ஒரு நாள்கூடப் போடல. மேல வீட்டு அக்கா மௌத்தாயிட்டாங்க. சீக்கிரம் கொண்டு போ, வீட்டுல தங்கக்கூடாது."

"ரஹ்மத்துக் கிடைக்கட்டும்மா" என்றான் பழைய சாமான்காரன்.

"குடுக்காதேடி! நான் இருக்கேன்! உயிரோட இருக்கேன்டி!"

தாழைத் திறந்தாள். கதவு விரிந்தது. மேல்படியில் சூப்புப் பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வேறெதுவும் இல்லை. கீழே வளைவில் அவன் தலை இறங்கி மறைந்தது. கக்கத்தில் சாம்பல் நிற ஜோடி. நான்கு படி கீழே நூர்ஜிஹான் காதில் போனோடு நின்றாள்.

"துலாய், உடனே வாம்மா… ஆமா, வாசல்ல ஷூ வச்சிருக்காங்களே… உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியலம்மா."

கதவு திறந்த சத்தத்துக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெஸிஹே கையை நீட்டினாள். நூர்ஜிஹானின் ஈரக் கண்கள் வாசலில் ஒருமுறை அலைந்தன. அவள்மேல் நிற்கவில்லை.

"காத்து… கதவு தானா திறக்குது" என்று போனில் சொன்னாள். பிறகு படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

நெஸிஹே வாசற்படியைத் தாண்டப் பார்த்தாள். முடியவில்லை. வழக்கமாகக் காலணி போடாமல் யாரும் தாண்டாத வாசல் அது. அவளுடைய காலணி எதுவும் இனி இந்த வீட்டில் இல்லை. பழுப்பு அன்றைக்கே போனது. சாம்பல் இன்றைக்குப் போயிற்று.

காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

இருட்டான நடைவழி. லாவெண்டர். கோல்கள் கைநழுவி விழுந்தன. சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அடுக்குக்குக் கீழே, வருகிறவருக்காக எடுத்து வைத்ததுபோல், சிவப்புக் காலணி இருந்தது. முனை அவளைப் பார்த்தபடி. முப்பத்தாறு.

"அக்கா" என்றாள். "அக்கா, வேணாம். மன்னிச்சுடு."

குளிர்ந்த இரண்டு கைகள் கட்டுப் போட்ட காலைத் தூக்கின. மெதுவாக. தேய்த்துவிடுகிற மாதிரி.

"கால் வலிக்குதாடி, வாத்து?"

குதிகாலில் ஓர் உள்ளங்கை. முனையில் தோலின் வாய். தள்ளியது. தையல் விட்டது. கம்பி எலும்போடு பின்னால் போனது. இன்னும் தள்ளியது. இன்னும் இரண்டு அளவு பாக்கி இருந்தது.

நெஸிஹே தொண்டை கிழியக் கத்தினாள்.

முன்னறை டி.வி.யின் சத்தத்தை மெலாஹத் இன்னும் ஒரு புள்ளி கூட்டினாள்.