சைக்கிள் கைப்பிடிக்குள் வைரத்தோடு

விஜயதசமி, மாலை நான்கு மணி. மல்லேஸ்வரத்தில் தன் வீட்டு வாசலில் கோவிந்தராஜன் மகனுடைய சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. "போச்சு மங்களம், தோடு போச்சு!" என்று மனைவியைப் பார்த்து அவர் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்துவிட்டது. சைக்கிளைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து நிறுத்திய முனிகிருஷ்ணனின் சட்டையைப் பிடித்தார். "திருடன்! இவன்தான் எடுத்தான்!"

அரை மணியில் சப்-இன்ஸ்பெக்டர் அம்ருதா வந்து இறங்கினாள். கூடவே கான்ஸ்டபிள் நாணு. அம்ருதாவுக்குத் தன் மூளைமேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். அதை மறைத்துக்கொள்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"வைரத்தோடு சைக்கிளுக்குள்ள எப்படி சார் போச்சு?"

"நான்தான் வெச்சேன். கல்யாண வீடு. பெயின்ட் அடிக்கிறவன், பந்தல்காரன்னு ஆள் போறான், வரான். பீரோவ நம்ப முடியல. நவராத்திரி ஆரம்பத்துல சின்னத் தகர டப்பாவுல போட்டு ஹேண்டில்பார் குழாய்க்குள்ள தள்ளிட்டேன். குலுக்கினா சத்தம் கேக்கும்."

"கைப்பிடி ரப்பர் கிழியாம எப்படிக் கழட்டினீங்க?"

அந்தக் கலவரத்திலும் கோவிந்தராஜனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஸ்வெட்டர் பின்ற ஊசிய ரப்பருக்கு அடியில மெதுவா விட்டேன். அந்த இடுக்குல கைக்குத் தடவுற சானிடைசர அடிச்சேன். திருப்பித் திருப்பி இழுத்தா வழுக்கிக்கிட்டு வந்துடும். மறுபடி மாட்டினா சானிடைசர் காஞ்சு, பழையபடி ஆயிடும். ஒரு கீறல் கிடையாது!"

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, மங்களத்துக்கு, பொண்ணு சுப்ரியாவுக்கு. பையன் தருணுக்குச் சொல்லல. அவன் ஓட்டை வாய்."

திருப்பதிக்குப் போய்வந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான் தருண். "சொல்லியிருந்தா இன்னிக்குக் காலையில முனி அண்ணாவக் கூப்பிட்டு பிரேக் பாக்கச் சொல்லிக் கொடுத்திருப்பேனாப்பா?"

அம்ருதா முனிகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். ஸ்ரீராம்புரத்தில் அவனுக்குச் சின்னதாக ஒரு சைக்கிள் கடை. நேற்று ஆயுத பூஜைக்குக் கருவிகளைப் படைத்துவிட்டு, இன்றுதான் எடுத்திருக்கிறான்.

"விஜயதசமிக்கு மொத வேலைன்னு சந்தோஷமா எடுத்துட்டுப் போனேன் மேடம். பிரேக்க மட்டும்தான் தொட்டேன். தேவராணே, சாமி சத்தியமா!" அவன் கண் சைக்கிளில் இல்லை, தெருவில் இருந்தது. அங்கே நின்ற கூட்டத்தில் பாதி அவனுடைய வாடிக்கைக்காரர்கள். "கேஸ் போட்டுட்டீங்கன்னா நாளைக்கு எவன் மேடம் என்னை நம்பி சைக்கிள விடுவான்?"

"அலுங்காம கழட்டத் தெரிஞ்ச கை அவன் கைதான்," என்றார் கோவிந்தராஜன்.

"தெரிஞ்சிருக்கறதே குத்தம்னா, நீங்களும் ஜீப்புல ஏறணும் சார்."

நாணு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அம்ருதா தண்ணீர் கேட்டுக் கூடத்துக்குள் போனாள். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. மேஜைமேல் கல்யாணப் பத்திரிகைகள் படபடத்தன. ஒப்பனைக்காரியிடம் கல்யாண அலங்காரத்துக்கு ஒத்திகை முடித்து வந்திருந்த சுப்ரியா, தலைமுடி ஒன்றுகூட அசையாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மங்களத்தின் புடவைத் தலைப்பு பறந்தது. அவள் காதுகளில், துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"நீங்க போட்டுக்கிட்டிருந்த தோடாம்மா?"

"கல்யாணமான நாள்லேருந்து. இப்போ பொண்ணுக்குப் போடணும்னு இவர்..." மங்களம் கணவரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அம்ருதா வெளியே வந்து ஹேண்டில்பாரின் மேல் குனிந்தாள். இரண்டு கைப்பிடிகளின் உள்பக்க ஓரத்திலும், கை படாத இடத்தில், நேற்று பூஜையில் மங்களம் வைத்த சந்தனம். ஒவ்வொன்றும் பாதி ரப்பரிலும் பாதி இரும்பிலுமாக அப்பிக் காய்ந்திருந்தது. இடது பக்கச் சந்தனத்தில் சைக்கிளுக்குப் போட்ட மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு செவந்தி இதழ் குறுக்காக ஒட்டியிருந்தது.

"தருண், நேத்து பூஜைல போட்டோ எடுத்தீங்களா?"

"ஸ்டேட்டஸே வெச்சிருக்கேன் மேடம்." போனை நீட்டினான். அதே இதழ், அதே சாய்வு.

"ஊசியும் சானிடைசரும் கொண்டாங்க. எல்லாரும் கிட்ட வாங்க."

ஊசியை ரப்பருக்கு அடியில் விட்டு, சானிடைசரை அடித்து, இடது கைப்பிடியை லேசாகத் திருப்பினாள். சந்தனம் இரண்டாகப் பிளந்தது. இதழும் கிழிந்தது. ஆனால் ரப்பர் சுலபத்தில் வரவில்லை. மறுபடி மறுபடி அடித்து, திருகி இழுத்த பிறகுதான் கழன்றது. குழாய் காலி. ரப்பரின் உள்பக்கத்தை விரலால் தடவி, முகர்ந்து பார்த்துவிட்டு அம்ருதா நிமிர்ந்தாள்.

"முனிகிருஷ்ணன் எடுக்கல."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் கோவிந்தராஜன்.

"திருப்பாம இந்த ரப்பரக் கழட்ட முடியாது. திருப்பினா சந்தனம் ஒடையும், இப்பப் பாத்தீங்கல்ல? வலது பக்கமும் ஒடையாமத்தான் இருக்கு. அப்போ நேத்து பூஜைக்கு முன்னாடியே தோடு போயாச்சு. இவர் கைக்கு சைக்கிள் வந்தது இன்னிக்குக் காலைல."

முனிகிருஷ்ணன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான்.

"அப்போ யாரு?"

"சானிடைசர் காத்தோட போயிடும் சார். ரப்பருக்குள்ள ஒட்டியிருக்கிறது வேற. வாசனையா, பிசுபிசுன்னு இருக்கு. முடி கலையாம இருக்க அடிக்கிற ஸ்ப்ரே. ஈரமா இருக்கும்போது வழுக்கும், காஞ்சா பசை. தருணுக்கு முடியே இல்ல. அம்மாவுக்கு எண்ணெய் வெச்ச பின்னல். அந்தக் காத்துலயும் ஒரு முடி ஆடாத தலை இந்த வீட்டுல ஒண்ணுதான். என்ன சுப்ரியா?"

சுப்ரியா உள்ளே போய்த் தகர டப்பாவோடு வந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்கன்னு அம்மா காதுலேருந்து கழட்டச் சொன்னார் அப்பா. எனக்கு வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. அதான் எடுத்து வெச்சேன். முனி அண்ணா மேல பழி விழும்னு நெனைக்கல."

"விழுந்தப்புறம்?" அம்ருதாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அவர் சட்டையப் பிடிச்சப்ப சோபாலதானே உக்காந்திருந்தீங்க?"

சுப்ரியா டப்பாவை அம்மாவின் கையில் வைத்தாள்.

"புகார் எழுதணுமா சார்?" என்று கோவிந்தராஜனிடம் கேட்டாள் அம்ருதா. "எழுதினா மாப்பிள்ளை வீட்டுல தோடு கேட்டதையும் சேத்து எழுதணும்."

"பேடாம்மா, வேண்டாம்," என்று கோவிந்தராஜன் அவசரமாகக் கையை ஆட்டினார். "முனி, மனசுல வெச்சுக்காதப்பா. உள்ள வா, காபி சாப்பிடு."

முனிகிருஷ்ணன் நகரவில்லை. "உள்ள வேணாம் சார். என்னைத் திருடன்னு சொன்னது வெளியிலதான்."

கோவிந்தராஜன் கேட்டைப் பார்த்தார். கூட்டம் இன்னும் கலையவில்லை. எதிர்வீட்டில் குடியிருக்கும் மாப்பிள்ளையின் அத்தையும் அதில் நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இருங்கப்பா, எடுத்தது நான்தானே," என்றாள் சுப்ரியா. கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். "தோட்ட எடுத்தது நான்! முனி அண்ணா இல்ல. அது எங்க அம்மாவோடது. யாருக்கும் கொடுக்கறதா இல்ல!"

அத்தை விருட்டென்று உள்ளே போய்விட்டாள். வாசலில் மங்களம் வேப்பங்குச்சிகளை உருவிப் போட்டுவிட்டு, கணவரை ஒரு வார்த்தை கேட்காமல், தோட்டை எடுத்துத் திருகிக்கொண்டாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "முனி, ஸ்வல்ப, கொஞ்சம் நம்ம வீட்டுக்கும் வந்துட்டுப் போயேன். சைக்கிள் செயின் கழண்டு கழண்டு போகுது."

முனிகிருஷ்ணன் கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டான்.

"நாளைக்குக் கடைக்குக் கொண்டாங்க சார்," என்றான்.