கீழே ஆள் இருக்கு

வீட்டுக்கார அம்மா சாவியை அண்ணன் கையில் வைத்துவிட்டுப் படியிலேயே நின்றுகொண்டாள்.

"நான் உள்ள வரலைப்பா. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தா போதும், அவசரம் ஒண்ணும் இல்லை." அவசரம் இருப்பவள் போலவே மேலும் சேர்த்துக்கொண்டாள். "நெட் பெட்டியை மட்டும் அன்னிக்கே கழட்டிட்டேன். சும்மா மினுக்கிக்கிட்டே இருந்துச்சு, பார்க்கப் பிடிக்கலை."

"சரிங்கம்மா."

பகல்தான். வெளியே விடாத தூறல். மாடி நடையின் கடைசியில் இருந்தது தம்பியின் அறை. கதவைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த காற்றும், காயாத துண்டின் வாடையும், அவற்றுக்கு அடியில் கிரீஸ் வாடையும் வந்து முகத்தில் மோதின. கிரீஸ் வாடை அவன் சட்டையிலும் உண்டு. எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் அலமாரி, பிறகு கொடியில் கிடந்த துணிகள், அப்புறம் சமையல் மேடை என்று வரிசை வைத்துக்கொண்டு அவன் வேலையை ஆரம்பித்தான். துணியை மடித்தான், பாத்திரத்தைக் கழுவித் துடைத்தான். தம்பி போனதிலிருந்து அவன் அழவில்லை. "ஒரு தடவை அழுதுடுங்களேன்," என்று அவன் மனைவி கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "வந்தா அழமாட்டேனா," என்றுதான் அவனும் சொன்னான். அது உண்மை. வரவில்லை. ஊசி போட்ட பல்லீறு மாதிரி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, தொட்டால்தான் தெரியவில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள். அண்ணனுக்கு மேல் தளத்து வேலை, தம்பிக்கு லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றின் அடிக்குழியில் வேலை. கம்பெனியில் இருவரையும் மேலவன், கீழவன் என்றுதான் கூப்பிடுவார்கள். "தலைக்கு மேல வேலை கிடக்குன்னு எவனும் சொல்லாதீங்க, அது எங்க அண்ணன் டிபார்ட்மென்ட்," என்பான் தம்பி.

கிணற்றுக்குள் போன் எடுக்காது. கத்தினால் எதிரொலியில் வார்த்தை குழம்பிவிடும். அதனால் இருவரும் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மேலே இருப்பவன் லிஃப்ட் ஓடும் ரெயிலில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவான். கீழே இருக்கியா என்று அர்த்தம். கீழே இருப்பவன் பதிலுக்கு ஒரு தட்டு தட்டுவான். இருக்கேன், லிஃப்டை இறக்காதே என்று அர்த்தம். சத்தமே வரவில்லை என்றால் ஆள் இல்லை, இறக்கலாம்.

"என்னய்யா கூத்து இது," என்று சூப்பர்வைசர் ஒருமுறை திட்டினார். "பதில் வரலைன்னா ஆள் இல்லைன்னு எப்படிய்யா எடுத்துக்குவீங்க?"

இருவரும் சிரித்தார்கள். வழக்கம் மாறவில்லை.

தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, வாயுத் தொல்லை என்று சொல்லி லீவு போட்ட அன்று, மதியம் அண்ணன் அவனுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தான். எடுக்கவில்லை. இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றதும் அவன் மனம் பழக்கத்தின்படி நிம்மதியாகிவிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனான். மறுநாள் வீட்டுக்கார அம்மாதான் கூப்பிட்டாள்.

அறையில் மிச்சம் இருந்தது டிவியும் அதன் கீழே இருந்த வீடியோ கேம் பெட்டியும். பெட்டியின் முகப்பில் சிறிய மஞ்சள் விளக்கு அணையாமல் இருந்தது. கன்ட்ரோலர் தலையணை மேல் கிடந்தது.

கேம் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சாயங்காலம் சோடாப்புட்டி வருவதாகச் சொல்லியிருந்தான். தம்பியின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர். அண்ணன் அவனுக்குப் போன் போட்டான்.

"இதை எப்படிடா அணைக்கிறது?"

"அணைச்சுடாதீங்கண்ணே," என்றான் சோடாப்புட்டி அவசரமாக. "அவன் மிச்சம் உள்ள கிடக்கு."

"என்ன மிச்சம்?"

சோடாப்புட்டி விளக்கினான். அந்த விளையாட்டில் செத்தால், அதுவரை சேர்த்த பலம் முழுவதும் செத்த இடத்திலேயே நீல வெளிச்சமாகக் கிடக்கும். அதைத்தான் இவர்கள் மிச்சம் என்பார்கள். மறுபடி கிளம்பி அந்த இடத்துக்குப் போய்த் தொட்டால் திரும்பக் கிடைக்கும். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் பழைய மிச்சம் அழிந்துவிடும், அடியோடு.

"அன்னிக்கு மெசேஜ் போட்டிருந்தான்ணே. கேம்ல வர்ற கரிக்கோட்டைல லிஃப்ட் இல்லாத கிணத்துல கால வச்சு விழுந்துட்டேன், எங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே, மானம் போயிடும்னு. கொஞ்சம் படுத்துட்டு அப்புறமா போய் எடுக்கறேன்னான்."

அப்புறம் அவன் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தம்பியின் வாட்சையும் சட்டையையும் பையில் போட்டுக் கொடுத்தபோது அண்ணனுக்கு அவை வெறும் வாட்சும் சட்டையுமாகத்தான் இருந்தன. இது அப்படி இல்லை. தம்பி எடுக்கப் போவதாகச் சொன்ன ஒன்று, எடுக்காமல் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் உள்ளே ஏதாவது அசையும் என்று தோன்றியது.

"எப்படிப் போகணும், சொல்லு."

"நீங்களா? அண்ணே, அது பெரிய பெரிய கையெல்லாம் அழுத இடம்."

"சொல்லுடா."

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தான். திரை விழித்தது. கவசம் போட்ட ஓர் உருவம் செத்தவர்கள் மறுபடி கிளம்புகிற மணிக்கல்லின் பக்கத்தில் குந்தியிருந்தது. தம்பி வேலை முடிந்து கை கழுவும் முன் உட்காருவதும் அப்படித்தான்.

முதலில் சதுப்பு. சாம்பல் நிறத் தண்ணீர், அதில் பாதி புதைந்து தூங்கும் ஏதேதோ. "ஓடாதீங்க, சத்தம் கேட்டா எழுந்துக்கும்," என்றான் சோடாப்புட்டி. அண்ணனுக்கு ஓடத் தெரியாது. இருட்டுக் கிணற்றுக்குள் இறங்குகிறவன் எப்படிக் கால் வைப்பானோ அப்படியே வைத்தான். ஒரு வாசல் வந்தால் நுழையுமுன் மேலே பார்த்தான். லிஃப்ட்காரனின் முதல் பாடம் அது, மேலே பார்க்காமல் தலையை நீட்டாதே. கோட்டை வாசலில் அப்படிப் பார்த்தபோது, கூரையில் எட்டுக் கால்களை மடக்கிக்கொண்டு ஒன்று காத்திருந்தது. ஓரமாக ஒதுங்கிப் போனான்.

"பரவாயில்லையேண்ணே," என்றது போன். "நாங்கல்லாம் அந்த இடத்துல உயிரை விட்டோம்."

கோட்டையின் நடை நீண்டு கிடந்தது. தூறல் சத்தம் வெளியிலா, திரையிலா என்று தெரியவில்லை.

நடையின் கோடியில் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள்.

புகையில் செய்தது போன்ற வெளிறிய உருவம். அண்ணன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது.

"முன்னாடி ஒருத்தன் போறான்டா."

"அது வேற ஆள் எங்கேயோ விளையாடறது. நிழல் மாதிரி தெரியும். ஒண்ணும் செய்யாது. நெட் இருந்தா வரும்."

அண்ணன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். நெட் பெட்டி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகளும் வெறும் வயர் நுனியும் இருந்தன.

"ம்," என்றான்.

வெளிறிய உருவம் ஒரு வாசலை அடைந்தது. நின்றது.

தலையைத் தூக்கி மேலே பார்த்தது.

பிறகுதான் நுழைந்தது.

அண்ணன் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த வாசலிலும் அது மேலே பார்த்தது. அதற்கடுத்த வாசலிலும் பார்த்தது. கடைசி வாசலைத் தாண்டியதும் காணாமல் போயிற்று. அங்கேதான் கிணறு இருந்தது. கல்லால் கட்டிய சதுரக் கிணறு. நடுவே இரும்புச் சங்கிலி தொங்கியது. வெகு ஆழத்தில், அரிசி அளவுக்கு, ஒரு நீல வெளிச்சம்.

"வந்துட்டீங்களா? அவ்வளவுதான்ணே. பக்கத்துல நெம்புகோல் இருக்கும், இழுங்க. லிஃப்ட் மேல இருந்து வரும். ஏறி நின்னா நேரா கீழ கொண்டு போய் விடும்."

நெம்புகோல் இருந்தது. அண்ணனின் விரல் அதற்கான பொத்தானுக்குப் போகவில்லை. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. கவசக்காரன் வாளை உயர்த்திக் கிணற்றுச் சுவரில் தட்டினான்.

டக். டக்.

அறை முழுவதும் அமைதி.

டக்.

அந்தச் சத்தம் டிவியிலிருந்து வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து வந்தது. அண்ணன் இரண்டு கால்களையும் கட்டில் மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்களா தட்டினீங்க?" போனில் குரல் இறங்கியிருந்தது.

"முதல் ரெண்டு நான்."

"மூணாவது?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"நெம்புகோலை இழுங்கண்ணே. சீக்கிரம். அங்க ஒரு காவக்காரன் சுத்துவான். பின்னாடி வந்துட்டான்னா ஒரே வெட்டுதான். அவன் மிச்சம் போயிடும்."

நடையில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. நெருங்கிக்கொண்டிருந்தது.

"இறக்க முடியாதுடா."

"ஏன்?"

"கீழே ஆள் இருக்கு."

"அண்ணே, அது கேம்."

இருக்கலாம். ஆனால் ஒரு தட்டு கேட்டபிறகு எந்த லிஃப்ட்காரனும் லிஃப்டை இறக்கமாட்டான். சங்கிலிச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. பெரிய நிழலொன்று சுவரில் ஏறியது. நின்றால் சாவு, தம்பியின் மிச்சமும் போகும். இறக்கினால் கீழே இருப்பவன் மேல் இறங்கும்.

அண்ணன் கவசக்காரனை விளிம்புக்கு நடத்தினான். மேலே ஒருமுறை பார்த்தான். பிறகு, லிஃப்ட் இல்லாத இடத்தில் காலை எடுத்து வைத்தான்.

வெகு நேரம் விழுந்தான். நீல வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் பக்கத்தில் யாரோ குந்தியிருந்தது போலத் தெரிந்தது. அந்த உருவம் முகத்தை நிமிர்த்துவதற்குள் திரை கறுத்துவிட்டது.

மறுபடியும் மணிக்கல்.

"போச்சுண்ணே," என்றான் சோடாப்புட்டி. அழுகிறான் என்று தெரிந்தது. "அவனோடது அழிஞ்சிருக்கும். இப்ப அங்க கிடக்கறது உங்க மிச்சம். போய் எடுக்கறீங்களா?"

"வேண்டாம். கிடக்கட்டும்."

பிளக்கைப் பிடுங்கினான். மஞ்சள் விளக்கு சற்றுத் தாமதித்தே அணைந்தது. சாயங்காலம் சோடாப்புட்டி வந்து, அறைக்குள் காலெடுத்து வைக்காமலே பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, போட்டுப் பார்த்தேன். கிணத்துல எட்டிப் பார்த்தேன்."

"ம்."

"ரெண்டு கிடக்கு." மூச்சு வாங்கினான். "ரெண்டு கிடக்கவே கிடக்காதுண்ணே. பக்கத்துல பக்கத்துல கிடக்கு."

அண்ணன் போனை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அன்றைக்கு ஓர் அலுவலகக் கட்டடம். லிஃப்ட் பெட்டியை உச்சித் தளத்தில் நிறுத்திப் பூட்டியாகிவிட்டது. தரைத்தளத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே வாகனம் நிறுத்தும் தளங்கள், அவற்றுக்கும் கீழே குழி. கீழ் வேலைக்குப் புதிதாக ஒருவனைப் போட்டிருந்தார்கள். அவன் இன்னும் இறங்கவில்லை. அண்ணனின் பக்கத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் பழக்கத்தில் ரெயிலில் இரண்டு தட்டு தட்டினான்.

டக்.

புதியவன் கையுறையோடு அப்படியே நின்றுவிட்டான். "கீழ யாருண்ணே?"

டார்ச் அடித்தார்கள். அடியில் மெல்லிசாகத் தேங்கிய தண்ணீர் பளபளத்தது. வேறொன்றும் இல்லை. அண்ணன் சூப்பர்வைசரைப் போனில் கூப்பிட்டு இன்றைக்கு இந்த லிஃப்ட் இறங்காது என்றான்.

"ஏன்யா, என்னாச்சு?"

"கீழே ஆள் இருக்கு சார்."

"எவன்யா கீழ? ரெண்டு பேரும் மேலதானே இருக்கீங்க?"

அண்ணன் போனை அணைத்தான். கதவு விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். கிணற்றிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. காயாத துண்டின் வாடை.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது. இவன் தட்டாமலே வந்தது.

டக். டக்.

கீழே இருப்பவன் தட்டுகிற தட்டு அல்ல அது. கேட்கிறவனின் தட்டு. இருக்கியா?

"பதில் சொல்லாதீங்கண்ணே," புதியவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தான். "வேண்டாம். வாங்க போயிடலாம்."

பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். கீழே இருப்பவனுக்கும் அந்த வழக்கம் தெரியும். ஒரு மதிய நேரத்தில் அவனை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, பதில் வராததால் போய்விட்டவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் ஸ்பேனரை எடுத்தான். ஒரு தட்டு தட்டினான்.

இருக்கேன்.

பிறகு, ஆழத்தில், தண்ணீர் கலங்கியது. குழிச் சுவரில் பதித்த இரும்பு ஏணியின் படியொன்று பாரம் தாங்கி முனகியது. அதற்கு மேல்படியும் முனகியது.

புதியவன் ஓடும் சத்தம் நடையில் தேய்ந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. விளிம்பில் சற்று நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.