கண்ணாத்தாளுக்குச் சொறி இல்லை

"எனக்குச் சொறி இல்லைன்னு நிரூபிச்சுக் குடுக்கோணுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்தப் பெண் சொல்லிவிட்டாள். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், டயர் கடை ஒன்றின் மாடியில் இருந்தது மஞ்சுளாவின் அலுவலகம். தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் தனியாகத் துப்பறியத் தொடங்கியவர் அவர். உதவியாளன் சபரிநாதன் பத்திரிகை வேலையை உதறிவிட்டு வந்தவன். வழக்கைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிடத் துடிப்பான்.

"முதல்ல உக்காருங்க. பேரு?" என்றார் மஞ்சுளா.

"கண்ணாத்தாளுங்க. ஜேடர்பாளையம். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ்ல தைக்கறேன். பொங்கல் முடிஞ்சதும் எல்லாருக்கும் நீலக் கோட்டு ஒண்ணு குடுத்தாங்க. வெயில் ஏறுனதும் எனக்குக் கழுத்து, அக்குள் ஓரம், முழங்கை மடிப்பெல்லாம் தடிச்சு அரிக்க ஆரம்பிச்சிருச்சு. கோட்டுனாலதான்னு சொன்னேன். மேனேஜரு கோகுல்ராஜு மைக்கப் புடிச்சு, இவளுக்கு ஊட்ல இருந்து ஒட்டுன சொறி, ஆரும் கிட்டப் போகாதீங்கன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டாரு."

அவள் குரல் தழுதழுக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இறுகிக்கொண்டே போனது.

"ஊருக்குள்ள தண்ணிக் கொழாய்க்கிட்ட உட மாட்டேங்கறாங்க. எம்புள்ளயப் பள்ளிக்கூடத்துல தனியா உக்கார வெக்கறாங்க. ஊட்டுக்காரரு வேற கம்பெனிக்குப் போயிரலாம்ங்கறாரு. நான் எதுக்குங்க போகோணும்?"

மஞ்சுளா அவளுடைய கைகளை வாங்கி விரல் இடுக்குகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. "வீட்ல வேற யாருக்காவது அரிப்பு உண்டா?"

"எம்புள்ள என்னயக் கட்டிப் புடிச்சுட்டுத்தான் தூங்குது. அதுக்கு ஒரு பொட்டு இல்லீங்க."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"சேலத்துல தேவிப்ரியா டாக்டரம்மாகிட்டப் போனேன். கோட்டுத் துணிய முதுகுல ஒட்டிப் பாக்கலாம், ஒத்துக்காததுன்னா அந்த எடம் தடிக்கும்னாங்க. கம்பெனியில கேட்டதுக்கு மேனேஜரே ஒரு துண்டு வெட்டிக் கவர்ல போட்டு, சூப்பர்வைசரு முத்தாயம்மாக்கா கையில குடுத்தனுப்புனாரு. ஒட்டிப் பாத்தாங்க. ஒண்ணுமே தடிக்கலீங்க."

சபரிநாதன் பேனாவை மூடினான். "அப்ப கோட்டு காரணமில்லையே, மேடம்!"

கண்ணாத்தாள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் மறுபடியும் பேனாவைத் திறந்துகொண்டான்.

அன்று பிற்பகலே இருவரும் டாக்டர் தேவிப்ரியாவைப் பார்க்கப் போனார்கள்.

"சொறி இல்லை, ஒட்டுற நோயும் இல்லை. இது ஒவ்வாமை" என்றார் டாக்டர். "கண்ணாத்தாள் தொடுற எல்லாத்தையும் ஒட்டிப் பாத்தேன். பவுடர்ல வர்ற வாசனை, கைகழுவுற திரவம் கெடாம இருக்கப் போடுற மருந்து, சோப்பு எதுவும் தடிக்கலை. கோட்டு மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா அந்தத் துண்டு வெச்ச இடமும் அப்படியே இருந்தது."

"துணி வந்த கவர் எப்படி இருந்தது?"

"நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேல மேனேஜர் கையெழுத்தோட வந்தது. ஒட்டுப் பிரியலை. நர்ஸ்தான் என் முன்னால பிரிச்சாங்க. கண்ணாத்தாள் அப்ப உள்ளே குப்புறப் படுத்திருந்தாங்க."

மிச்சமிருந்த துண்டிலிருந்து மஞ்சுளா ஒரு நூலை உருவி, தீக்குச்சியால் கொளுத்தினார். அது காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. சபரிநாதன் ஏதோ கேட்க வாயெடுத்தான். மஞ்சுளா தலையசைத்து நிறுத்தினார்.

மறுநாள் காலை ஆலை. முதலாளியின் பெயர் சென்னிமலை; பெரியவர், வெள்ளை வேட்டிக்காரர். அவர் வாசலிலேயே எதிர்கொண்டார். "கோட்டு வாங்கறது, குடுக்கறது எல்லாம் கோகுலுதானுங்க. அந்தப் புள்ளைக்குச் சொறின்னு அவந்தான் சொன்னான். இருக்கற முன்னூறு பேருக்கும் அதே கோட்டுதானே. அவளுக்கு மட்டும் ஏனுங்க வருது?"

கோகுல்ராஜ் இளைஞன், சுறுசுறுப்பானவன். தையல் மெஷின்களின் நடுவே அவர்களை அழைத்துப் போகும்போது, முதலாளி பின்தங்கியதும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "டாக்டரம்மாவப் பாத்துட்டுத்தான் வாரீங்களாமா. அப்பறம் என்னங்க மேடம்? சுத்தமான காட்டனு அது. காட்டன் துணி எவ ஒடம்புக்காச்சும் ஒத்துக்காமப் போகுமா?"

வரிசையின் கடைசியில் சூப்பர்வைசர் முத்தாயம்மாள் கோட்டின் கழுத்தை இழுத்து விசிறிக்கொண்டிருந்தாள். "சொட்டு வேர்வைய உறிஞ்சாதுங்க இது. உள்ள வெந்து போகுது."

அவளுக்குப் பக்கத்தில் சண்முகப்பிரியா என்ற சின்னப் பெண், கழுத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தாள். மஞ்சுளா மெல்லக் கேட்டதும் அவள் கண் கலங்கியது. துப்பட்டாவுக்கு அடியில் கழுத்து சிவந்து தடித்திருந்தது. முழுக்கைச் சுடிதாரின் மேல்தான் கோட்டைப் போட்டிருந்தாள்; கைகளில் ஒன்றுமில்லை.

"வெளிய சொல்லிராதீங்க. என்னயும் அனுப்பிருவாங்க" என்றாள். "கண்ணாத்தாக்கா அந்தப் பக்கக் கடைசியில உக்காரும். நான் அதுகிட்டப் பேசுனதுகூட இல்லீங்க."

அவளுடைய கோட்டின் ஓரத்தில் ஒரு சிறு துண்டைக் கத்தரித்து வாங்கிக்கொண்டார் மஞ்சுளா. அது நேராக டாக்டரிடம் போனது.

அடுத்த வாரம், சாப்பாட்டு இடைவேளையில், துணி வெட்டும் கூடத்தில் எல்லாரையும் கூட்டச் சொன்னார் மஞ்சுளா. கண்ணாத்தாள் தலை நிமிர்ந்து உள்ளே வந்தபோது பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அது மரியாதையால் அல்ல, பயத்தால். அவள் அதைக் கவனிக்காதவள்போல வந்து முன்னால் நின்றாள்.

"சொறி விரல் இடுக்கைத்தான் முதல்ல பிடிக்கும். கூடப் படுக்கிற குழந்தையை விடாது" என்று தொடங்கினார் மஞ்சுளா. "கண்ணாத்தாளுக்கு இரண்டும் இல்லை. தடிப்பெல்லாம் துணி உரசி வேர்க்கிற இடத்தில். இங்கே இன்னொருத்தருக்கும் வந்திருக்கு. சுடிதார் கை மறைச்ச இடத்தில் அவருக்கு ஒன்றுமில்லை. ஒட்டுற நோய்க்குச் சட்டைக் கை ஒரு தடையா?"

"அப்பறம் ஏங்க டெஸ்ட்ல ஒண்ணும் வல்ல?" என்றார் சென்னிமலை.

மஞ்சுளா இரண்டு நூல்களை எடுத்தார். முதலாவது எரிந்து உதிர்ந்தது. "இது டாக்டருக்கு வந்த துண்டு." இரண்டாவது எரியாமல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாக உறைந்தது. "இது நீங்க எல்லாரும் போட்டிருக்கிற கோட்டு."

துணியோடு வாழ்கிறவர்கள் அவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. "மொதலுது காட்டனு!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

சபரிநாதனால் பொறுக்க முடியவில்லை. "கவரைக் கொண்டு போனது முத்தாயம்மா!"

"ஆனா கவர் பிரியலையே, சபரி. உள்ளே போட்டவர்தான் மாத்தியிருக்கணும்." மஞ்சுளா கோகுல்ராஜைப் பார்த்தார். "இந்தக் கூடத்தில் எல்லாருக்கும் இது வேர்வையை உறிஞ்சாத பாலியஸ்டர்னு தெரியும். வாங்கின உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒருத்தர்தான் காட்டன்னு சொன்னீங்க. நான் அந்தத் துண்டைப் பார்த்திருப்பேன்னு முந்திக்கிட்டீங்க. அனுப்பினது காட்டன்னு அனுப்பினவருக்கு மட்டுந்தானே தெரியும்?"

கோகுல்ராஜ் முதலாளியைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நிஜக் கோட்டுத் துண்டைக் கண்ணாத்தாள் முதுகுல ஒட்டின இடம் தடிச்சுச் சிவந்துடுச்சு" என்று மஞ்சுளா தொடர்ந்தார். "பாலியஸ்டருக்குப் போடுற சில அடர்நீலச் சாயம் வேர்வையோட தோல்ல இறங்கும். எல்லார் உடம்பும் அதை எதிர்க்காது. எதிர்க்க ஆரம்பிச்ச உடம்பு மறக்காது. இதுக்குச் சாயம் போட்டது யாரு?"

"எங்க மச்சாம் பட்டறைங்க" என்றான் கோகுல்ராஜ், தரையைப் பார்த்தபடி. "சாயம் நிக்கலைன்னு திரும்பி வந்த துணி. கோட்டுக்குத்தானேன்னு..."

"கோட்டுக்கு மட்டுமா?" கண்ணாத்தாள் வெட்டும் மேசைக்கு நடந்தாள். மேசைமேல் அதே நீலம் அடுக்கடுக்காக விரிந்திருந்தது. மேல் அடுக்கில் சுண்ணக்கட்டியால் வரைந்த சின்னச் சின்னக் கைகள், சின்னச் சின்னக் கழுத்துகள். "இது கொழந்தைங்க போடற சட்டைக்கு உள் துணிங்க, மொதலாளி."

சென்னிமலை தொண்டையைச் செருமினார். "கோகுலு, நீ வெளிய போ. அம்மிணி, நீ நாளையிலிருந்து வேலைக்கு வா. இந்தப் பேச்சு இந்தச் செவுத்துக்குள்ளயே இருக்கட்டும்."

"எனக்குச் சொறின்னு மைக்குல சொன்னாங்க. இல்லைன்னும் மைக்குல சொல்லுங்க."

பெரியவர் மைக்கை வாங்கி, "கண்ணாத்தாளுக்குச் சொறி கெடையாது. நம்ம பேர்லதான் தப்பு" என்றார். அந்தக் குரல் சாலை வரை கேட்டது.

"வாரேனுங்க வேலைக்கு" என்ற கண்ணாத்தாள், நீல அடுக்கின் மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "ஆனா இந்தத் துணிய வெட்டோணும்னா என்னய எறக்கிப் போட்டுட்டு வெட்டுங்க. இதுல தெச்சு இதுவரைக்கும் அனுப்புன சட்டையெல்லாம் திரும்பி வரோணும். வாங்குனவங்களுக்கு இப்பவே போன் போடுங்க."

சாப்பாட்டு இடைவேளை முடிந்த சங்கு ஊதியது. ஒருத்தியும் மெஷினுக்குப் போகவில்லை. சண்முகப்பிரியா துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, சிவந்த கழுத்தோடு மேசைமேல் ஏறிக் கண்ணாத்தாளின் தோளை உரசி உட்கார்ந்தாள். முத்தாயம்மாள் கோட்டைக் கழற்றி முதலாளியின் காலடியில் போட்டாள். அடுத்தவள் போட்டாள். அதற்கடுத்தவளும் போட்டாள். அந்த நீலக் குவியல் முழங்காலுக்கு வந்தபோது, சென்னிமலை வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார்.