முதலிடம் வாங்கிய தாடை

செவ்வாய்க் குடியிருப்பில் காலை ஏழு மணியானால் எல்லா வீடுகளிலும் கட்டை கடிக்கும் சத்தம் கேட்கும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எண்ணூறு தடவை கடித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போக வேண்டும்.

அங்கே சாப்பாடு என்றால் குழாயில் உறிஞ்சும் கூழ்தான். பிறக்கும்போது தாடை மூட்டின் குழி ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். பல் முளைத்து, கடித்து மென்று பழகப் பழகத்தான் குழி ஆழமாகும், அதில் உட்காரும் எலும்புக் குமிழும் ஒழுங்காக வளரும். கூழ் குடிக்கும் தாடைக்கு அந்த வேலையே இல்லை. முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கு முகவாய் உள்ளொடுங்கி, மூட்டு அடிக்கடி நழுவியது. அதன் பிறகுதான் மெல்லுகட்டை வந்தது. கெட்டி ரப்பர், உள்ளே எண்ணும் கருவி. ஒவ்வொரு கடியும் பள்ளிக்குத் தெரிந்துவிடும். பள்ளி சும்மா இருக்குமா? வாசலில் தரவரிசைப் பலகை வைத்துவிட்டது.

நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் குமரவேளைக் கலங்கடித்தது அந்தப் பலகைதான். மகள் மகிழினி நாற்பத்தொரு பேரில் கடைசி. எட்டு வயதுப் பரிசோதனையில் மூட்டு தேறாவிட்டால் உலோக மூட்டு வைப்பார்கள். உலோகம் வளராது. ஆகவே பிள்ளை வளர்ந்து முடிகிறவரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறுத்து மாற்ற வேண்டும். மனைவியோ துருவ நிலையத்தில் ஒரு வருஷப் பணியில் இருந்தாள். திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அவனுக்குத் தூக்கமே போய்விட்டது.

"இருநூறுதான் ஆச்சு. இன்னும் கொஞ்சம் கடி கண்ணு, வண்டி வந்துரும்."

"வலிக்குதுப்பா. நாத்தம் வேற."

அவள் கண்ணில் நீர் திரண்டது. குமரவேளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கட்டையை வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். பத்தே பத்து என்றுதான் ஆரம்பித்தான். யார் வாய் என்று கட்டைக்குத் தெரியாது. அடுத்த வாரம் முழு எண்ணூறும் அவனுடையதாயிற்று, மகிழினி பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாள். இரண்டே மாதத்தில் அவள் முதலிடம். பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது அவனுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அதுதான் வேடிக்கை.

பரிசோதனை நாளன்று காத்திருப்புக் கூடத்தில் பெற்றோர் எல்லாரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பாவம், கவலை போலிருக்கிறது என்று நினைத்தான். பக்கத்து அம்மாள் ஏதோ பேச வாய் திறந்தாள். அவள் காதருகே டொக்கென்று ஒரு சத்தம். அவன் தாடையிலும் எட்டு மாதமாக அதே சத்தம்தான்.

டாக்டர் ஷாகிரா மகிழினியின் எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் பிடித்தார். "எண்ணிக்கை பிரமாதம். மூட்டு மட்டும் மூணு வயசுலயே நிக்குது. எப்படி சார்?"

குமரவேளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவர் எழுந்து வந்து அவன் காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார். அவன் துடித்துப் போனான்.

"பாப்பா வயசுல கடிச்சா வளரும். உங்க வயசுல தேயும்," என்றார் அவர். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "வியாழக்கிழமை பாப்பாவுக்கு அறுவை வச்சுக்கலாம்" என்றார்.

குமரவேளுக்குக் கண் கலங்கியது. மகிழினி மட்டும் எந்தப் பயமும் இல்லாமல் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்ப்பா அழுற? இதையும் நீயே பண்ணிக்குவேல்ல?"

பதில் சொல்ல அவன் வாயைத் திறக்கப் பார்த்தான். ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை.