சிவப்புப் பூட்டு

பூட்டு பிசுபிசுத்தது. காலையில்தான் குணசேகரன் அதைச் சோப்பு போட்டுக் கழுவி, பழைய பனியனில் துடைத்துப் பையில் வைத்திருந்தான். இப்போது காற்றாலைக் கோபுரத்தின் அடியில் நின்று கையில் எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தான். கிரீஸ் வாடை. அதற்கும் அடியில், மூடி வைத்து மறந்துபோன கறிக்குழம்பின் வாடை. சீ என்று கையைப் பேண்ட்டில் தேய்த்தான். ஸ்டிக்கர் பசைதான், வெயிலுக்கு இளகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

ஸ்டிக்கரில் அவன் பெயர் இருந்தது. மேலே ஏறுகிற ஒவ்வொருவனும் தன் பெயர் ஒட்டிய சிவப்புப் பூட்டைக் கீழே உள்ள சுவிட்ச் பெட்டியில் மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அவனே இறங்கி வந்து தன் கையால் திறக்கும்வரை மிஷினை யாரும் ஓட்ட முடியாது. ஆனால் பூட்டைக் கழற்ற மறந்து சாவியோடு சாப்பிடப் போய்விடுகிறவர்களும் இருந்தார்கள். வெற்றிலை மெல்லுகிற மலையாண்டி வாரத்துக்கு இரண்டு தடவை அப்படிப் போவார். அடிக்கிற காற்றெல்லாம் வீணாகப் போகிறதே என்று சைட் இன்சார்ஜ் சிவபிரகாஷ் குதிப்பார். கடைசியில் எல்லாப் பூட்டுக்கும் விராலிமலைக் கடைத்தெருவில் டூப்ளிகேட் சாவி போட்டுக் கொண்டுவந்தது குணசேகரன்தான். இது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று அன்றைக்குச் சிரித்தான்.

நாற்பத்தோரு நாளுக்கு முன்னால் ஒரு மத்தியானம், சிவபிரகாஷ் வாக்கி-டாக்கியில் கேட்டார்.

"மலையாண்டி இறங்கிட்டாரா?"

பெட்டியில் பூட்டு தொங்கியது. ஆளைக் காணோம். வேப்பமரத்தடியில் அவருடைய சாப்பாட்டுப் பையும் இல்லை.

"இறங்கிட்டாருங்க. வழக்கம்போல பூட்டக் கழட்ட மறந்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லி, டூப்ளிகேட் சாவியால் திறந்து பிரேக்கை விட்டான் குணசேகரன்.

சாப்பாட்டுப் பை மேலே போயிருந்தது. மலையாண்டியும் மேலேதான் இருந்தார், சுழலும் தண்டின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு.

விசாரணைக்கு வந்தவர்களிடம், இறந்தவர் பூட்டே மாட்டவில்லை என்று கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் குணசேகரன் கையெழுத்தும் உண்டு. மலையாண்டியின் மனைவி செவந்தி அவனைத் தேடி வந்து, "பூட்டு மாட்டாம அவரு ஏறவே மாட்டாருங்க தம்பி. நீங்க பாத்தீங்கள்ல?" என்று கேட்டபோது, வேலை கிடக்கிறது என்று நகர்ந்துவிட்டான். அன்று சாயங்காலமே சிவபிரகாஷ் அந்தப் பூட்டை அவன் கையில் திணித்தார். "தூக்கிப் போட்டா எவன் கண்ணுலயாச்சும் படும். ஸ்டிக்கர உரிச்சிட்டு ஒம் பேர ஒட்டிக்க. நல்ல பூட்டுதான்யா."

ஒட்டிக்கொண்டான். செத்த மனிதனின் பூட்டை, வெட்கமில்லாமல். அதை நினைத்தால் இன்னும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் காறித் துப்பலாம் போல வருகிறது.

இப்போது அதே காற்றாலை. மேலே வாடை தாங்கவில்லை என்று மற்றவர்கள் எல்லாரும் ஏற மறுத்துவிட்டார்கள். பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதுசு தடவி வரச்சொல்லி குணசேகரனுக்கு உத்தரவு.

புதிதாகச் சேர்ந்த வெற்றிசெல்வன் கீழே நின்றான். "அண்ணே, டூப்ளிகேட் சாவியெல்லாம் இன்னும் கெடக்குதாண்ணே?"

"கொளத்துல வீசியாச்சு. நான் இறங்கி வந்து ஒன் முன்னாடி நிக்கிற வரைக்கும் பெட்டியத் தொட்றாத."

"சரிண்ணே."

பூட்டை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, பித்தானையும் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான்.

கோபுரத்துக்குள் பகலிலேயே இருட்டுதான். வெளியே காற்று இரும்பில் மோதி உறுமுவது உள்ளே ஒரு பெரிய வயிறு இரைவதைப் போலக் கேட்க, நாள்பட்ட எண்ணெயும் துருவும் வியர்வையும் கலந்த வெக்கை மூக்கில் ஏற, ஒவ்வொரு படியிலும் கை வைக்கும் இடமெல்லாம் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்க, அவன் வாயால் மூச்சு விட்டபடி ஏறிக்கொண்டே இருந்தான். பாதி உயரத்தில் எச்சில் துப்பும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தான். கீழே யாரும் ஏறி வரவில்லை. தலைவிளக்கு வெளிச்சத்தில், அவன் இப்போதுதான் தாண்டி வந்த படியில் சிவப்பாக ஏதோ வழிந்தது. துருத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டான். வெற்றிலை மணத்தது.

மேல் கூண்டுக்குள் தலையை நுழைத்ததும் முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஒரு மனிதன் நசுங்கிச் செத்த இடம். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தோம் என்று சொன்ன படுபாவிகள் மூடியைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. அவன் திறந்தான். தண்டைச் சுற்றி கிரீஸ் கறுத்துக் கட்டிபட்டு, நடுநடுவே வெளிறிய நூல்நூலாக ஏதோ. துணியால் ஒரு கை வழித்தான். துணியில் சில்லுப் போல ஒன்று ஒட்டி வந்தது. விளக்கில் காட்டிப் பார்த்தான்.

நகம்.

முழு நகம், வேரோடு.

ஓங்கரித்துக்கொண்டு மூலையில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்து நிமிர்ந்தபோது மூடியின் கொக்கியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்புப் பூட்டு. திறந்து கிடந்தது.

சட்டைப்பையைத் தடவினான். பித்தான் போட்டபடி இருந்தது. சாவி உள்ளேதான் இருந்தது. பூட்டின் மேல் அவன் பெயர் பாதி உரிந்து சுருண்டிருந்தது. உரிந்த இடத்தில், அவன் நகத்தால் சுரண்டி எடுத்த அந்தப் பழைய பெயர். ஓர் எழுத்துக்கூட அழியாமல் இருந்தது.

வாக்கி கரகரத்தது. சிவபிரகாஷ்.

"குணசேகரன் இறங்கிட்டானா?"

"சார், மேலதான் இருக்கேன்! சார்!" வாக்கியின் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினான். விரல் வழுக்கியது. அவன் பேச்சு போய்ச் சேரவில்லை.

கீழே இருந்து பதில் வந்தது. வெற்றிசெல்வன் குரல் இல்லை. வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசும் குரல்.

"இறங்கிட்டாருங்க. வழக்கம்போல பூட்டக் கழட்ட மறந்துட்டுப் போயிட்டாரு."

பிரேக் சீறிக்கொண்டு விடுபட்டது.

எழப் பார்த்தான். முடியவில்லை. சட்டைக் கை எதிலோ மாட்டியிருந்தது. குனிந்து பார்த்தான். தண்டில் மாட்டவில்லை. மூடிக்கு அடியிலிருந்து நீண்டிருந்த விரல்கள், கறுப்புக் கிரீஸ் சொட்டச் சொட்ட, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. நடுவிரலில் நகம் இல்லை.

தண்டு மெல்லத் திரும்பியது.