ஆறாம் வரி

இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய்யென்றால் எழுதியவன் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பல்லும் இன்றே கொட்டட்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடந்த நட்சத்திர வரைபடத்தில், விண்கலம் போகும் வழியென்று அவர் வரைந்த பென்சில் கோடு தானாகவே ஒரு விரற்கடை நீண்டிருந்தது. முப்பது வருஷம் கண்ணாடி தேய்த்த மனுஷர். ஒரு மயிரிழை கூடினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அது. மனைவியும் அவள் தம்பியும் ஒரு விண்கலத்தில் போகிறவர்கள். வழியில் என்ன நடக்கிறது என்று சொல்வது கடைக்காரர் பொறுப்பு. ஒளியை முந்திக் கலம் பாயும்போதெல்லாம் வழி மாறும். அதே இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே இன்றைக்கு மூன்று நாள் என்றால் நாளைக்கு நாற்பது. அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி, ஆறு வரிப் பட்டியலைப் பார்த்து எந்த வழி என்று சொல்வார்.

போன வாரம் ஆறு விழுந்தது. ஆறாம் வரியில் அவர் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘பிறகு எழுத வேண்டும்.’

மறந்துவிட்டேன் என்று சொல்லி மறுபடி உருட்டியிருக்கலாம். எதிரே மச்சான் அல்லவா உட்கார்ந்திருந்தான்! பஸ் டிரைவர், வாய்க்குப் பிரேக் கிடையாது.

“என்ன அத்தான், திருதிருன்னு முழிக்கிறீங்க? வழி தெரியலைன்னா சொல்லுங்க, இறங்கிக் கேட்டுட்டு வரேன்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைக்காரருக்குக் காது சுட்டது.

“எனக்கு வழி தெரியும். நீங்க போய்க்கிட்டே இருக்கீங்க. மீதி அடுத்த வாரம்.”

அந்த அடுத்த வாரம்தான் இது. தம்பி குடையில்லாமல் வருவான் என்று அவள் மூன்று மணிக்குக் குடையோடு கிளம்பினாள். பஸ் நிறுத்தம் தெருக்கோடியில். தொண்ணூறு அடி வைத்தால் வந்துவிடும். இப்போது ஐந்தரை. மழை ஓட்டில் ஒரே சீராக விழுந்தது. ஈரச் சிமெண்டு வாசனை ஜன்னல் வழியே கனமாக உள்ளே வந்து அறையெங்கும் படிந்தது. மழைக்குள்ளே இரண்டு ஜோடிச் செருப்புகளின் சத்தம், கிட்டே வருவதுபோல், கிட்டே வந்துகொண்டே இருப்பதுபோல்.

போன் அடித்தது.

“என்னங்க, நம்ம தெருவுலதான் நடக்கிறோம். வீடு வரமாட்டேங்குது.” அவள் குரல் களைத்திருந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்?”

பட்டியலைப் பார்த்தார். ‘பிறகு எழுத வேண்டும்.’ ‘வழி எனக்குத் தெரியாது, அன்றைக்குப் பொய் சொன்னேன்’ என்று சொன்னால் இது நின்றுவிடும்; அது அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

“கிட்டத்தான்,” என்றார்.

கோடு காகிதத்தைத் தாண்டி மேசை மரத்தில் ஏறியது.

போனுக்குள் மச்சான் குரல் தூரத்தில் கேட்டது. கேலி துளியும் இல்லை. “பயப்படாதேக்கா. அத்தானுக்கு வழி தெரியும்.”

பென்சிலை எடுத்தார். ஆறாம் வரியில் முனையை வைத்தார். எழுதத் தோன்றவில்லை. ஒரு வழியும்.

செருப்புச் சத்தம். வாசலில்.

ஜன்னலுக்குப் போனார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். நடக்கிறார்கள். கால் எழுந்து எழுந்து விழுகிறது. கேட் கிட்டே வரவில்லை. குடையில் துணி இல்லை, கம்பிகள் மட்டும். இருவருக்கும் தலைமுடி வெள்ளை வெளேரென்று இடுப்புக்குக் கீழே. செருப்பு தேய்ந்து, பாதமும் தேய்ந்து.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். நேரமாக்கிவிட்டவள்போல் கூச்சத்தோடு சிரித்து, கையசைத்தாள். நடந்தாள்.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எழுதியவன் வாயில் இப்போது ஒரு பல்லும் இல்லை.